பத்து வருடத்தில் பதினேழு வயது

முதல் நாள், செவ்வாய். லூகன், டப்ளின்

அயர்லாந்துக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இதுவரை எழுத ஒன்றும் இல்லை. மகள் வேலைக்குப் போகிறாள், மாப்பிள்ளை வேலைக்குப் போகிறார், நானும் வீட்டுக்காரியும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழை பார்க்கிறோம். இன்றைக்குத்தான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

மாப்பிள்ளை ஐரிஷ்காரர். அவருடைய அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, சாயங்காலம் ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். பேச்சுவாக்கில் மகள் போட்டு உடைத்துவிட்டாள்: அப்பா 31 வருடம் கிராம நிர்வாக அலுவலர், ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவேடெல்லாம் அவர் கையில்தான் இருந்தது என்று. சம்பந்தியம்மா என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. கைப்பையைத் திறந்து ஒரு பழைய நினைவு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய பாட்டி இறந்தபோது அச்சடித்தது. டீலியா என்று பெயர். ராஸ்காமன் மாவட்டத்தில் பாயில் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். பிள்ளைகள் மொத்தம் ஏழு பேர், இவர்தான் மூத்தவர்.

"இவ்வளவுதான் தெரியும். மூன்று வருடமாகத் தேடுகிறேன். டீலியா என்று ஒருத்தி எந்தப் பதிவிலும் இல்லை" என்றார்.

(பாயில் என்று எழுதினால் படுக்கிற பாயில் என்றுதான் முதலில் படிக்கத் தோன்றுகிறது. வேறு எப்படி எழுதுவது? பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. டீலியா என்பது எழுதுகிற பேரா, கூப்பிடுகிற பேரா? எங்கள் ஊரில் பாப்பா என்று ஊரே கூப்பிடுகிற கிழவிக்குப் பதிவேட்டில் பாக்கியலட்சுமி என்று இருக்கும். அவள் செத்துப்போனால் பாக்கியலட்சுமி யாரென்று மகனுக்கே தெரியாது. மாப்பிள்ளை கைபேசியில் தட்டினார். இரண்டு நிமிடத்தில் சிரித்துவிட்டார். டீலியா, பிரைடி, பிடி எல்லாமே பிரிட்ஜெட்டின் செல்லப் பெயர்களாம்.

பிரிட்ஜெட் என்று போட்டதும் வந்துவிட்டார். குடும்பப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அது அவர்கள் வீட்டு விஷயம்.

இந்த நாட்டில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் எல்லா மதத்தாருக்கும் அரசாங்கம் பதிவு செய்யத் தொடங்கியது 1864 ஜனவரி 1 முதல். கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணம் மட்டும் 1845-லேயே ஆரம்பித்துவிட்டது. பழைய பதிவேட்டுப் பக்கங்களை அப்படியே படமெடுத்து அரசுத் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். பிறப்புக்கு 100 வருடம், திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 கழிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அப்பா தொழில், தகவல் கொடுத்தவர் யார் என்பதுவரை இருக்கிறது. பதிவாளர் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. மனுஷன் மை தொட்டு நிதானமாக எழுதியிருக்கிறார். என் கையெழுத்து இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1901, 1911 இரண்டும் முழுசாக இருக்கின்றன, அதுவும் இலவசம். இங்கிலாந்தில் 1901-க்கு வீட்டுப் படிவங்கள் மிஞ்சவில்லை. கணக்கெடுப்பாளர் புத்தகத்தில் பெயர்த்து எழுதியதுதான் இருக்கிறது. இங்கே அந்தந்த வீட்டில் எழுதிய தாளே இருக்கிறது. குடும்பத் தலைவர் நிரப்ப வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் வந்த போலீஸ்காரர் எழுதிக்கொள்வார். ஆமாம், இங்கே கணக்கெடுத்தது கான்ஸ்டபிள்கள். நம் ஊரில் வாத்தியார்கள் தலையில் கட்டுவதை இவர்கள் போலீஸ் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

1901 மார்ச் 31 ராத்திரி அந்த வீட்டில் இருந்தவர்கள்: அப்பா வயது 54, விவசாயி, படிக்கத் தெரியாது, ஐரிஷும் ஆங்கிலமும் பேசுவார். அம்மா வயது 44. பிள்ளைகள். அதில் ஐந்து வயதுப் பையனுக்கும் தொழில் என்ற இடத்தில் 'ஸ்காலர்' என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடம் போகிறவன் என்று அர்த்தமாம். நான் ஏதோ பண்டிதன் என்று நினைத்துவிட்டேன்.

1911 ஏப்ரல் 2 ராத்திரி: அப்பா வயது 71.

மகள் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். பத்து வருடத்தில் பதினேழு வயது. மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. காரணத்தை மாப்பிள்ளை சொன்னார். 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1909 ஜனவரியிலிருந்து 70 வயது ஆனவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங். வயதை நிரூபிக்கப் பிறப்புச் சான்று கிடையாது, ஏனென்றால் பதிவே 1864-இல்தான் தொடங்குகிறது. அதனால் 1911-இல் நாடு முழுக்கக் கிழவர்கள் திடீரென்று கிழவர்கள் ஆகிவிட்டார்கள்.

"கிழவர் கெட்டிக்காரர்" என்று நானும் சிரித்தேன். எனக்கு இது புதுசா என்ன? முதியோர் உதவித்தொகை மனுக்களில் எத்தனை பேருக்கு ஒரே ராத்திரியில் வயது கூடிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நாள், புதன்

காலையில் மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டார். கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தேசிய நூலகம் 2015-இல் இலவசமாகத் திறந்துவிட்டது. பெரும்பாலும் 1880 வாக்கில் நின்றுவிடும். பாட்டி பிறந்தது 1879, தப்பித்தோம்.

பெயர்கள் லத்தீனில். பிரிட்ஜெட் பிரிகிடா ஆகிறாள், ஜான் யோவான்னெஸ் ஆகிறார். பக்கத்துக்குப் பக்கம் ஈரம் ஊறிய கறை. சம்பந்தியம்மா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, கணினித் திரையிலேயே அதைப் பிடித்துப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

கிடைத்தது. ஆனால் கணக்கு இடிக்கிறது. ஞானஸ்நானம் மார்ச் மாதம். அரசாங்கப் பதிவேட்டில் பிறந்தது ஏப்ரல் மாதம். பிறக்காத குழந்தைக்குச் சாமியார் தண்ணீர் தெளித்திருக்கிறார்!

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இது எனக்குத் தெரிந்த பாடம். கோயிலுக்கு உடனே தூக்கிப் போவார்கள், குழந்தை தங்குமோ தங்காதோ என்ற பயம். பதிவாளரிடம் மெதுவாகத்தான் போவார்கள். விதைப்பு இருக்கும், மழை இருக்கும், ஊர் தூரம். கெடு தாண்டிவிட்டால் காசு கட்ட வேண்டும். அதனால் பிறந்த தேதியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் 21 நாள் கெடு, நானே எத்தனையோ பேர் சொன்ன தேதியை 'அப்படியா' என்று எழுதியிருக்கிறேன். என் எதிரில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் போய் என்ன விசாரணை நடத்துவது? ஆக, பாட்டி செத்தவரை கொண்டாடிய பிறந்தநாள் தப்பு. சம்பந்தியம்மாவுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

சாயங்காலம் 1901-இல் பாட்டி எங்கே இருந்தார் என்று தேடினோம். ஊர் வீட்டுப் படிவத்தில் அவர் இல்லை. டப்ளினில் ஒரு வக்கீல் வீட்டில் வேலைக்காரி. அங்கே வயது 20 என்று இருக்கிறது, 22 இருக்க வேண்டும். பிறந்த மாவட்டம் ஸ்லைகோ என்று இருக்கிறது, ராஸ்காமன் என்று இருக்க வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பியவர் எஜமானர். வேலைக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டாரோ, மனதில் பட்டதைப் போட்டாரோ. ஆனால் ஸ்லைகோ என்பதில் ஒரு சின்ன நியாயமும் உண்டு. பாயில் ஏழைகள் சட்ட யூனியன் என்கிற பதிவு எல்லை இரண்டு மாவட்டங்களிலும் கால் வைத்திருந்தது. இங்கே பதிவு வட்டம் யூனியனை ஒட்டி, மாவட்டத்தை ஒட்டி அல்ல. இது தெரியாமல் தேடுகிறவர்கள் பக்கத்து மாவட்டத்துக்காரரைத் தாத்தா ஆக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

மூன்றாம் நாள், வியாழன்

டப்ளின் நகரத்துக்குள் போனோம். பிஷப் தெருவில் தேசிய ஆவணக் காப்பகம். முன்பு அந்த இடத்தில் ஜேக்கப்ஸ் பிஸ்கட் தொழிற்சாலை இருந்ததாம், 1916 கிளர்ச்சியில் போராளிகள் பிடித்து வைத்திருந்த இடங்களில் ஒன்று. வழியில் லிஃபி நதிக்கரையில் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தை மாப்பிள்ளை காட்டினார். பச்சைக் கும்மட்டம், தூண்கள், வக்கீல்கள் பையோடு ஓடுகிறார்கள். பார்த்தால் ஒன்றும் ஆகாத மாதிரி நிற்கிறது.

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் முதல் வாரத்தில், அந்த வளாகத்தில் இருந்த பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தது. நூற்றாண்டுகளின் காகிதம். எரிந்த தாள்கள் நகரத்தின் மேல் பறந்தன. 1821, 1831, 1841, 1851 கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர எல்லாம் அதில் போயின. சரி, 1861 முதல் 1891 வரை? அது நெருப்பில் போகவில்லை. 1861, 1871 இரண்டையும் கணக்கு முடிந்த கொஞ்ச நாளில் அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 இரண்டையும் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாடு என்று கூழாக்கிவிட்டார்கள். நெருப்பை எல்லாரும் சொல்கிறார்கள். கூழைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் அரசாங்கத்தில் இருந்தவன், எனக்குக் கூழ்தான் அதிகம் உறைத்தது. ஒரு கோப்பில் யாரோ 'அழிக்கலாம்' என்று குறிப்பு எழுதி, இன்னொருவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

காப்பகத்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு ஆலோசகர் இருக்கிறார், காசு கிடையாது. எங்கள் 54-71 கதையைச் சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். ஆலோசகர் அம்மாள் சிரிக்கவில்லை. "பச்சைப் படிவம் தேடினீர்களா?" என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரியாத விஷயம். பிறப்புச் சான்று இல்லாத கிழவர்கள் வயதை எப்படி நிரூபிப்பது? சிலர் பெரிய காற்று அடித்த ராத்திரி ஞாபகம் இருக்கிறது என்றார்கள். 1839 ஜனவரி 6 அன்று நாட்டையே புரட்டிப்போட்ட புயல் அது. அது நினைவிருந்தால் 70 ஆகியிருக்கத்தானே வேண்டும். இன்னொரு வழி, 1841 அல்லது 1851 கணக்கெடுப்பில் தேடிச் சொல்லும்படி மனுப் போடுவது. அப்போது அந்தப் புத்தகங்கள் எரியவில்லை. மனுதாரரின் பெயர், பெற்றோர் பெயர், அப்போது இருந்த ஊர் எல்லாம் எழுதி அனுப்பினால், ஆவண அலுவலகக் குமாஸ்தா போய்த் தேடிக் கண்டதை அதே படிவத்தில் எழுதுவார். படிவம் பச்சை நிறம். கணக்கெடுப்பு எரிந்துபோனது. படிவங்கள் மிஞ்சின.

அங்கேயே கணினியில் தேடினோம். இருந்தது.

1911-ஆம் வருடத் தொடக்கத்தில் தேடியிருக்கிறார்கள். கிழவரின் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். ஊர். கீழே வேறொரு கையெழுத்தில் விடை: பெற்றோர் திருமணம் 1838. பிள்ளைகள் மூன்று. மூத்தவன் 12. அடுத்தவன், நம் மனுதாரர், 10. கடைசியில் ஒரு பெண் குழந்தை, 4.

1851 மார்ச்சில் 10 வயது என்றால் 1911 ஏப்ரலில் 70. கிழவர் ஒரு வயதுதான் கூட்டிச் சொல்லியிருக்கிறார். அதுகூட வேண்டுமென்று சொன்னதாக இருக்காது. தப்பு 1901-இல் எழுதின 54-இல்தான். அன்றைக்கு அவருக்கு வயது தேவைப்படவில்லை. கான்ஸ்டபிள் கேட்டிருப்பார், இவர் ஏதோ சொல்லியிருப்பார். தேவை வந்தபோதுதான் சரியாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்.

மாப்பிள்ளை 1911 படிவத்தைத் திரும்பத் திறந்தார். தொழில் என்ற இடத்தில் விவசாயி என்பதற்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் என்று இருக்கிறது. முதல் நாள் சிரித்த சிரிப்பில் நாங்கள் யாரும் அதைப் படிக்கவே இல்லை.

எனக்கு அதற்கப்புறம் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. வெளியே வந்து நின்றேன்.

தொண்ணூறுகளில், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஊரில் வேலை பார்த்தபோது ஒரு கிழவி உதவித்தொகைக்கு வந்தாள். ரேஷன் அட்டையில் 52 என்று போட்டிருந்தது. "அய்யா, அம்பத்திரெண்டு புயலுக்கு எனக்கு மூணு புள்ளங்க" என்றாள். 1952 நவம்பர் 30, நாகப்பட்டினத்தில் கரையேறி டெல்டா முழுக்க அடித்த புயல். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான். எனக்குக் கூட்டத் தெரியாதா? தெரியும். ஆனால் அட்டையில் 52 இருக்கிறது. டாக்டரிடம் வயதுச் சான்று வாங்கி வா என்றேன். சரிங்க என்று போனாள். திரும்ப வரவில்லை.

வீட்டுக்காரியிடம் இதை முதல் தடவையாக இன்றைக்கு பஸ்ஸில் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, மழைக்குப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள், வெள்ளி

மழை. வீட்டிலேயே.

1911 படிவத்தில் 1901-இல் இல்லாத கேள்விகள் சில உண்டு. மணமான பெண்களிடம் கேட்க வேண்டியவை. கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. நேற்றுவரை அதை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. இன்றைக்குச் சம்பந்தியம்மா படித்தார். பிறந்தது 11. இருப்பது 7.

"ஏழுதானே? பாட்டி எப்போதும் ஏழு பேர் என்றுதான் சொல்வார்" என்றார். பிறகு நாலு பேர் எங்கே என்று யாரும் கேட்காமலே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

எண்கள் முதலில் கணவருடைய வரிசையில் எழுதப்பட்டு, அடித்து, கீழே மனைவி வரிசையில் மறுபடி எழுதப்பட்டிருந்தன. அந்தக் காலத்துப் படிவங்களில் இது சாதாரணமாம், கேள்வி யாருக்கு என்று குழம்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, எண்ணும் அடித்தலும் தெரிந்தது.

"ஏங்க, பதினொண்ணுன்னு யாரு சொல்லியிருப்பா? அந்த ஆளா? ஆம்பளைக்கு இருக்கிற ஏழுதான் தெரியும். பெத்தவதான் சொல்லியிருப்பா."

மகள் அதை அப்படியே மொழிபெயர்த்தாள். சம்பந்தியம்மா எழுந்து டீ போடப் போனார்.

மத்தியானம் முழுக்கத் தேடினோம். முறை இதுதான்: பாயில் பதிவு வட்டத்தில் அந்தக் குடும்பப் பெயரில் 1878-லிருந்து பிறந்த எல்லாக் குழந்தைகளையும் எடுத்து, பதிவேட்டுப் படத்தைத் திறந்து, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் ஊரும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. பிறகு சின்ன வயது இறப்புகளை எடுத்து அதே மாதிரி சலிப்பது. இறப்புப் பதிவில் பெற்றோர் பெயருக்கு இடமே கிடையாது, அதனால் ஊரையும் தகவல் கொடுத்தவர் பெயரையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். குடும்பப் பெயர் அந்த வட்டாரத்தில் மலிந்தது. பக்கத்து ஊரில் இதே பெயரில் இன்னொரு புருஷன் பெண்டாட்டியே இருக்கிறார்கள். இரண்டு தடவை அவர்கள் குழந்தையை எங்கள் கணக்கில் சேர்த்துப் பிறகு எடுத்தோம்.

பத்துப் பிறப்பு கிடைத்தது. மூன்று இறப்பு கிடைத்தது.

ஒரு பையன், பதினெட்டு மாதம், கக்குவான் இருமல். ஒரு பெண், ஆறு வாரம், வலிப்பு. இன்னொரு பையன், ஒன்பது நாள், பிறவிப் பலவீனம். மருத்துவச் சான்று இல்லை என்று மூன்றிலும் போட்டிருக்கிறது. அப்படியென்றால் டாக்டர் வந்து பார்க்கவில்லை. தகவல் கொடுத்தவர் மூன்று தடவையும் அம்மா. 'இறப்பின்போது உடனிருந்தார்'. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி. நம் ஊர்க் கைநாட்டுத்தான். அவர் கையைத் தூக்கிப் பேனாவைப் பிடித்த தடம் அது ஒன்றுதான் இந்த உலகத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கக்குவானில் போன பையனுக்கும் அடுத்துப் பிறந்த பையனுக்கும் ஒரே பெயர். செத்த குழந்தையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது இங்கே வழக்கமாம். சம்பந்தியம்மா இத்தனை வருடம் அந்தச் சின்னத் தாத்தாவின் பிறந்த வருடம் ஏன் பொருந்தவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது வேறொரு குழந்தையின் வருடம்.

நாலாவது குழந்தைக்குப் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. எழுத்துப் பிழையோடு தேடினோம், பக்கத்து வட்டங்களில் தேடினோம். ராத்திரி பதினொன்றுக்கு மகள் கணினியை மூடிவிட்டாள்.

ஐந்தாம் நாள், சனி. பாயில்

டப்ளின் கானலி நிலையத்திலிருந்து ஸ்லைகோ போகிற ரயில். சுமார் இரண்டரை மணி நேரம். ஷானன் நதி வந்து வந்து போகிறது. வீட்டுக்காரி தயிர்சாதம் கட்டி எடுத்து வந்திருந்தாள். சம்பந்தியம்மா ஊறுகாயை மட்டும் நாலு தடவை கேட்டு வாங்கினார்.

பாயில் சின்ன ஊர். ஆற்றங்கரையில் 12-ஆம் நூற்றாண்டு மடாலயத்தின் இடிபாடு, நடுவில் கிங் ஹவுஸ் என்ற பெரிய பழைய மாளிகை. பிரிட்டிஷ் ராணுவத்தில் ஐரிஷ்காரர்கள் இருந்த கனாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவின் முகாமாக இருந்ததாம். 1920-இல் இந்தியாவில், ஜலந்தரிலும் சோலனிலும், அயர்லாந்தில் நடந்த அடக்குமுறையை எதிர்த்து ஆயுதத்தைக் கீழே வைத்தார்களே, அந்தப் படைதான்.

எனக்கு இந்த ஊரில் பார்க்க வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. மார்கரெட் கசின்ஸ் பிறந்தது இங்கேதான், 1878 நவம்பரில். டப்ளினில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடி, 1915-இல் இந்தியாவுக்கு வந்து, அடையாறில் 1917-இல் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். நம் தேசிய கீதத்துக்கு மதனப்பள்ளியில் ஸ்வரப்படுத்தி எழுதியவர். 1922-இல், அந்த ஃபோர் கோர்ட்ஸ் எரிந்த வருடத்தில், சென்னையில் மாஜிஸ்திரேட் ஆனார். 1932-இல் வேலூர்ப் பெண்கள் சிறையில் இருந்தார். 1954-இல் இந்தியாவிலேயே இறந்தார். சம்பந்தியம்மாவின் பாட்டிக்கும் இவருக்கும் வயதில் சில மாதமே வித்தியாசம். இரண்டு பெண்களின் பிறப்பும் ஒரே யூனியன் பதிவேட்டில். ஒருத்தி மெட்ராஸுக்கு, ஒருத்தி டப்ளினில் வக்கீல் வீட்டு அடுப்படிக்கு. சந்தித்திருப்பார்களா என்றால், சந்தையில் பார்த்திருக்கலாம், பேசியிருக்க மாட்டார்கள். மத வித்தியாசம், காசு வித்தியாசம் இரண்டும் உண்டு.

ராத்திரி தங்கிய விடுதியில் வென்னீர் வரவில்லை. வேறு விசேஷமில்லை.

ஆறாம் நாள், ஞாயிறு

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இப்போது நாலு வீடுதான் இருக்கிறது, சொன்னால் யாரென்று தெரிந்துவிடும்.

இங்கே ஊர் என்றால் டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருக்கிறதே என்று கடைத்தெருவை எதிர்பார்க்காதீர்கள். நாற்பது ஐம்பது ஏக்கர் புல்வெளிக்கும் ஒரு பெயர் இருக்கும். நாடு முழுக்க 60,000-க்கு மேல் டவுன்லேண்டுகள். எனக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துப்போனது, நம் சர்வே எண்ணுக்குப் பெயர் வைத்த மாதிரி.

வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு காகிதம். ஒன்று கிரிஃபித் மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை நாடு முழுவதும் எந்த நிலம் யார் கையில், குத்தகை யாரிடம் என்று எழுதி, வரைபடத்தில் எண் போட்டு வைத்தது. நம் அடங்கலுக்கு அண்ணன். இன்னொன்று 1911 வீட்டுப் படிவம். கான்ஸ்டபிள் சுவர் என்ன, கூரை என்ன, அறை எத்தனை என்று மதிப்பெண் போட்டு வகுப்புப் பிரிப்பார். கல் சுவர் 1. ஓலைக் கூரை 0. அறைகள் இரண்டிலிருந்து நாலுக்குள், அதற்கு 2. முன்பக்க ஜன்னல் 2. கூட்டினால் 5. மூன்றாம் வகுப்பு வீடு. பின்னால் மாட்டுக் கொட்டகை ஒன்று, பன்றிக் கொட்டில் ஒன்று.

அந்த நிலம் இப்போது எழுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயியுடையது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். சேறு, முள்வேலி, மாடுகள். வேலி தாண்டும்போது என் வேட்டிக்குப் பழகிய கால் பேண்டில் தடுக்கியது. வீடு இருந்த இடத்தில் முன் சுவர் இடுப்பளவு நிற்கிறது. கதவுக்கு ஒரு இடைவெளி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல் அடி. கான்ஸ்டபிள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். உள்ளே ஒரு மரம் முளைத்து என்னைவிட உயரமாக நிற்கிறது. இங்கேதான் அந்தப் படிவத்தை எழுதியிருப்பார்கள். கான்ஸ்டபிள் மேசையில், கிழவர் அடுப்போரம், அந்த அம்மாள் நின்றுகொண்டு.

சம்பந்தியம்மா அவரிடம் நாலாவது குழந்தையைப் பற்றிக் கேட்டார். எந்தப் பதிவிலும் இல்லை, ஞானஸ்நானமும் காணோம் என்றார்.

அவர் தொப்பியை எடுத்துவிட்டு மேட்டைக் காட்டினார். பழங்கால மண் கோட்டை ஒன்றின் வட்டமான வரப்பு, சுற்றிலும் முள்மரங்கள். இங்கே அதைத் தோண்டவோ மரத்தை வெட்டவோ மாட்டார்களாம். ஞானஸ்நானத்துக்கு முன்னால் இறந்த குழந்தைகளைக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கத் திருச்சபை விடாது. ராத்திரியில் தகப்பனோ மாமனோ ஒரு பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மாதிரி இடங்களுக்கு வருவார்கள். கில்லீன் என்று பெயர். அயர்லாந்து முழுக்க இப்படி இடங்கள் உண்டு, இருபதாம் நூற்றாண்டிலும் இது நடந்திருக்கிறது. "உங்களுடையது இங்கேதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதுதான் இடம்" என்றார்.

புல்லுக்குள் சின்னச் சின்னக் கற்கள். எழுத்து எதுவும் கிடையாது. சம்பந்தியம்மா அவற்றை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். என் வீட்டுக்காரி குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. அரை மணி நேரம் அப்படியே நின்றார்கள்.

அந்த விவசாயி எங்களுக்கு டீயும், வெண்ணெய் தடவிய சோடா பிரெட்டும் கொடுத்தார்.

ஏழாம் நாள், திங்கள். திரும்பும் ரயில்

அடுத்த வேலை 1926 கணக்கெடுப்பு. 1921-இல் சுதந்திரப் போர் நடந்ததால் கணக்கெடுக்கவில்லை. 1926 ஏப்ரல் 18-இல் எடுத்ததை, நூறு வருடம் முடிந்து, 2026 ஏப்ரலில் திறப்பதாக ஏற்பாடு. பாட்டி அப்போது கல்யாணமாகி டப்ளினில் இருந்தார். நீங்களும் வந்துவிடுங்கள் என்றார் சம்பந்தியம்மா. டிக்கெட் விலையை மகள் சொன்னதும் வீட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

கேரிக்-ஆன்-ஷானன் தாண்டியதும் வீட்டுக்காரி மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் புயல் கெழவி, அவங்க பேரு என்னங்க?"

"அஞ்சலை" என்றேன். உடனே வந்துவிட்டது. எழுத்துகூட ஞாபகம் இருக்கிறது, ரேஷன் அட்டையில் 'அஞ்சளை' என்று தப்பாகப் போட்டிருந்தார்கள்.

எதிர் இருக்கையில் சம்பந்தியம்மா மடியில் பெரிய தாளை விரித்து வைத்துக் குடும்ப மரத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். பதினொரு கட்டம். பத்தில் பெயர் எழுதியாகிவிட்டது. கடைசி ஒன்றை எங்கே போடுவது, யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்று கொஞ்ச நேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்டார். பிறப்புகளுக்கு இடையில் எங்கே இடைவெளி அதிகம் என்று பார்த்தோம். 1888-க்கும் 1892-க்கும் நடுவில். அங்கே கட்டம் போட்டார். லாங்ஃபோர்ட் வந்தபோது தாளை மடிக்காமலே தூங்கிவிட்டார்.